கேட் பாஸ் இல்லாமல் போன போல்ட்

பங்காரம்மா பாஸ்ட்னர்ஸில் நான் பன்னிரண்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, முள்வேலி போட்ட இரண்டு ஏக்கரில் இருந்தது கம்பெனி. போல்ட்டும் நட்டும் செய்வோம். பம்புசெட்டுக்கு, நெசவு மில் மெஷினுக்கு, லாரிக்கு. முதலாளி சுந்தரராஜுலு தன் அம்மாவின் பெயரைக் கம்பெனிக்கு வைத்திருந்தார். அவருக்கும் எனக்கும் சாதி ஒன்று, வீட்டில் பேசுகிற தெலுங்கு ஒன்று. மற்றதெல்லாம் வேறு வேறு.

அற்புதம் அங்கே டெஸ்டிங் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மதுக்கரை சிமெண்ட் ஆலையில் தொழிலாளி. இவர் பாலிடெக்னிக்கில் உலோகவியல் டிப்ளமோ படித்தவர். வகுப்பில் நாற்பது பையன்கள், இரண்டே பெண்கள். எண்பத்தாறில் எங்களிடம் சேர்ந்தார். கணவர் லியோவும் அங்கேதான், போல்ட்டுக்கு மரை போடுகிற மெஷினில். ஒரே மகள் ஜெனிதா. தொண்ணூற்றைந்தில் அவள் நான்காம் வகுப்பு.

டெஸ்டிங் ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அறை. போல்ட்டை இரண்டு முனையிலும் பிடித்து அறுகிறவரை இழுக்கிற மெஷின் ஒன்று. ஒரு மைக்ராஸ்கோப். ஒரு மேஜை. போல்ட் அறுகும்போது வருகிற சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்கும், வேட்டுப் போட்ட மாதிரி. புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். அற்புதம் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வார். அவர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டை நான் டைப் செய்யும்போது எண்களைத் திரும்பச் சரிபார்த்ததில்லை. தேவையிருக்கவில்லை.

தொண்ணூற்று நான்கில் முதலாளியின் மகன் சசிதர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தார். கட்டமைப்புகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவர் படிப்பு. கெட்டிக்காரர்; அதில் சந்தேகமே இல்லை. லாரிக்காரனுக்கு எத்தனை நாள் போல்ட் செய்வது என்று சொல்லி, பெங்களூரில் சிறிய விமானங்களுக்குப் பாகங்கள் பூட்டுகிற ஒரு கம்பெனியிடம் போய் ஆர்டர் பிடித்து வந்தார். அந்தக் கம்பெனியின் தரப் பரிசோதகர் அப்துல் கையூம் என்பவர் எங்கள் இடத்தைப் பார்க்க இரண்டு முறை வந்தார். வெள்ளைத் தாடி, தோளில் ஒரு துணிப்பை. இரண்டு முறையும் முதலாளி அறையில் பத்து நிமிஷமும் டெஸ்டிங் ரூமில் மூன்று மணி நேரமும் இருந்தார். கிளம்பும்போது சசிதரிடம் சொன்னார்.

"உங்க மெஷினெல்லாம் சுமார்தான். அந்தம்மாவ நம்பித்தான் ஆர்டர் குடுக்கறேன்."

சசிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

செய்ய வேண்டியது எட்டு மில்லி எஃகு போல்ட், இரண்டாயிரத்து நானூறு. ஒவ்வொன்றும் நான்கு டன் அறுநூறு கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். துருப்பிடிக்காமலிருக்க மேலே காட்மியம் முலாம். முலாம் பூசும் தொட்டியில்தான் சிக்கல். அமிலத்திலும் மின்சாரத்திலும் கிடக்கும்போது ஹைட்ரஜன் வாயு எஃகுக்குள் புகுந்துவிடும். கடினமான எஃகு அதை வைத்துக்கொண்டே வெளியே பளபளவென்று இருக்கும். பாரத்தில் மாட்டி வைத்தால் இரண்டாம் நாளோ பத்தாம் நாளோ சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். அதனால் தொட்டியிலிருந்து எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து, இருபத்துமூன்று மணி நேரம் சூடாக்கி, அந்த வாயுவை விரட்ட வேண்டும். ஓவனில் ஒரு வட்டத்தாள் சுற்றும். அதில் ஒரு பேனா சிவப்பு மையில் சூட்டைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். இதையெல்லாம் அற்புதம் எனக்கு விளக்கியதில்லை. கையூமுக்காக அவர் எழுதிய பத்துப் பக்கத்தை டைப் செய்ததில் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூற்றைந்து ஆகஸ்ட் பதினாறு, புதன்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்குத் தொட்டியிலிருந்து போல்ட்டுகளை எடுத்தார்கள். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது, காலையில்தான் வரும் என்றார்கள். ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் தொட்டியில் இன்னொரு கம்பெனியின் சரக்குக் கிடந்தது. தொட்டியையும் ஓவனையும் ஒன்றாக ஓட்ட ஜெனரேட்டருக்குச் சக்தி இல்லை. முலாம் பிரிவு சூப்பர்வைசர் நரசிம்மலு சசிதரைக் கேட்டார். சசிதர் தொட்டிக்குக் கொடுக்கச் சொன்னார். எங்கள் போல்ட்டுகள் கூடையிலேயே கிடந்து, வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓவனுக்குள் போயின. நரசிம்மலு ரிஜிஸ்டரில் 'புதன் மதியம் 2.30' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை வட்டத்தாளை எடுத்துப் பார்த்த அற்புதம் அதைக் கையில் பிடித்தபடி ஆபீஸுக்கு வந்தார். சசிதர் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை அற்புதம் காத்திருந்தார்.

"சார், ரிஜிஸ்டர்ல ஒண்ணு இருக்குதுங்க, தாளுல ஒண்ணு இருக்குதுங்க. பதினேழு மணி நேரம் கூடையில கெடந்திருக்குது."

"தெரியும். இருபத்தி மூணு மணி நேரம் முழுசா சூடாக்கியாச்சில்ல?"

"சூடாக்குனதுங்க சரி. ஆரம்பிச்சது லேட்டுங்களே. நாலு மணி நேரந்தான் கணக்கு."

"டென்சைல் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. நாலு டன் எழுநூறு வரைக்கும் நிக்குது."

"அப்பறம் என்ன?"

"ரெண்டு நிமிசத்துல இழுத்துப் பாக்கற டெஸ்ட்டுல இது தெரியாதுங்க சார். எட்டு போல்ட்ட முக்கால் பாரத்துல முடுக்கி, இருநூறு மணி நேரம் வெச்சுப் பாக்கோணும். பெங்களூர்க்காரங்களும் அதத்தான் கேட்டிருக்கறாங்க."

இருநூறு மணி நேரம் என்றால் எட்டு நாளுக்கு மேல். சரக்கு மறுநாள் லாரி ஏற வேண்டும். தாமதமானால் ஆர்டர் புனேவுக்குப் போய்விடும் என்று முதலாளி அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சசிதர் கோபப்படவில்லை. என் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டார். விமானத்தின் வால் பக்கத்தில் ஒரு தாங்கி. அதைப் பிடிக்க ஆறு போல்ட்.

"இங்க பாருங்க அற்புதம். மோசமான காத்துல கூட இந்த இடத்துல வர்ற பாரம் ஆறு டன். போல்ட்டுக்கு ஒரு டன். நம்ம போல்ட்டு நாலரைக்கு மேல தாங்கும். நாலு மடங்கு மிச்சம். ஒண்ணு போனாலும் மத்த அஞ்சும் தாங்கிக்கும். இந்தக் கணக்குக்குத்தான் நான் ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்தேன்."

அற்புதம் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு டன்னுங்கறது பறக்கறப்பங்க சார். பூட்டறப்பவே ஸ்பானர்ல முடுக்கி மூணு டன் இழுத்து வெச்சர்றாங்க. ஏரோப்ளேன் சும்மா ஷெட்டுல நின்னாக்கூட போல்ட்டுக்குள்ள அந்த மூணு டன் இருந்துட்டேதான் இருக்கும். அதுதானுங்க இத ஒடைக்கும்."

சசிதர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அப்பறம், ஒண்ணு போனா மத்த அஞ்சும் தாங்கும்ங்கறீங்க. அந்த அஞ்சும் இதே கூடையில கெடந்ததுதானுங்களே."

நான் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தேன். சசிதரின் முகம் சிவந்தது. அமெரிக்காவில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியிருக்கமாட்டார்கள் என்றில்லை. ஆனால் இங்கே, ஒரு டைப்பிஸ்டின் முன்னால், ஒரு டிப்ளமோக்காரி.

"சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"எட்டு நாள் களிச்சுப் போடறேனுங்க."

அன்றைக்கே ஒரு குறிப்பு எழுதி, பெரிய முதலாளியின் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு எட்டு போல்ட்டை எடுத்துக் கனமான எஃகுத் தகட்டில் பூட்டி, அளந்து முடுக்கி, தேதியும் மணியும் எழுதி ஜன்னலோரம் வைத்தார்.

சர்டிபிகேட்டில் நரசிம்மலு கையெழுத்துப் போட்டார். அதை நான்தான் டைப் செய்தேன். இருநூறு மணி நேரச் சோதனையில் தேறியது என்று அடித்தேன். அது பொருந்த வேண்டுமே என்று முலாம் பூசிய தேதியை ஆகஸ்ட் ஏழு ஆக்கச் சொன்னார் சசிதர். ஆக்கினேன். என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் படித்தார்கள் என்று எழுதத் தோன்றுகிறது. எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் படித்தார்கள். அற்புதத்தின் வீட்டிலும்தான்.

சனிக்கிழமை லாரி போனது. திங்கட்கிழமை காலை அற்புதம் அறையைத் திறந்தபோது ஜன்னலோரத்தில் இரண்டு போல்ட்டுகளின் தலைகள் தரையில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அறையில் ஒடிந்திருக்கின்றன. மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மூன்றாவதும் போனது. அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். அவர் சசிதரிடம் போனார். 'வெளிய போயிருக்கார்' என்றார்கள். பெரிய முதலாளி சென்னிமலை கோயிலுக்குப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒடிந்த போல்ட் ஒன்றையும் வட்டத்தாளையும் ஒரு கடிதத்தையும் அப்துல் கையூமுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். லியோவிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கையூம் போன் செய்தார். போனை எடுத்து சசிதரிடம் கொடுத்தது நான். கையூம் நல்லவர், அந்த நல்ல குணம்தான் காரியத்தைக் கெடுத்தது. கடிதம் வந்த விஷயத்தைச் சொல்லாமல், 'அந்தச் சரக்கைப் பற்றி உங்களுக்கே ஏதாவது சந்தேகம் உண்டா' என்று கேட்டிருக்கிறார். உள்ளேயிருந்து ஒருத்தி எழுதினாள் என்று தெரிந்தால் அவள் பிழைப்புப் போய்விடும் என்று நினைத்திருக்கலாம். மூன்று போல்ட் ஒடிந்தது அதற்குள் கம்பெனி முழுக்கத் தெரியும்; யோசிக்க சசிதருக்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது.

"நானே உங்களக் கூப்பிடலாம்னு இருந்தேன் சார். மறுபடி சோதிச்சுப் பாத்ததுல மூணு போல்ட்டு போயிருச்சு. திருப்பி எடுத்துக்கறோம்னு திங்கக்கிழமையே லெட்டர் போட்டாச்சே, வரலையா?"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராமுலு, ஒரு லெட்டர் அடிக்கோணும். தேதி இருபத்தொண்ணு."

அடித்தேன். அதோடு இன்னொரு சோதனை அறிக்கையும். குறையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் சசிதரின் பெயர். மூன்று போல்ட் ஒடிந்த விவரமெல்லாம் அற்புதத்தின் நோட்டிலிருந்து அப்படியே எடுத்தவை.

பிறகு, கையூமுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று தேடி, விசாரணை வைத்தார்கள். ரிஜிஸ்தர் தபாலின் ரசீதை அவர் மறைக்கவே இல்லை. மேஜை டிராயரில் வைத்திருந்தார். விமானத்தைப் பற்றியோ ஓவனைப் பற்றியோ விசாரணையில் ஒரு வார்த்தை இல்லை. கம்பெனிக்குச் சொந்தமான ஒரு போல்ட்டை கேட் பாஸ் இல்லாமல் வெளியே கொண்டுபோனார் என்பது குற்றம். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். சுந்தரராஜுலு நாற்காலியில் சாய்ந்து, வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"ஏன் அம்மணி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

"வெள்ளிக்கெளமையே உங்க மேச மேல எளுதி வெச்சேனுங்க."

"நான் பாக்கலயே கண்ணு."

அந்தக் குறிப்பு அவருடைய கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் மூன்று நாள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அற்புதம் என் பக்கம் திரும்பினார். ஒரு நொடிதான். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"போல்ட்ட எடுத்துட்டுப் போனது நெசந்தானுங்க" என்றார். "கேட் பாஸ் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

வேலையிலிருந்து விலக்கினார்கள். லியோவை வைத்துக்கொண்டார்கள், வாயைத் திறக்காமல் இருப்பதென்றால் இருக்கலாம் என்று. லியோ இருந்தார். வீட்டில் நடந்ததை ஒரு முறை டீக்கடையில் அவரே என்னிடம் சொன்னார். "பத்து வருசமா அந்த மெசின்ல நிக்கறேன், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா" என்று இவர் கேட்டாராம். "கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பே" என்றாராம் அற்புதம். அதற்குப் பிறகு வெகு நாள் இரண்டு பேரும் ஜெனிதா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

பெங்களூரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கையூம் எழுதியதல்ல, அவருக்கும் மேலே இருப்பவர்கள். தன் சரக்கின் குறையைத் தானே கண்டுபிடித்துத் திருப்பி எடுத்துக்கொண்ட நேர்மையைப் புகழ்ந்திருந்தார்கள். சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினோம். அடுத்த வருஷ ஆர்டர் இரண்டு மடங்கானது. சசிதரைக் கோயமுத்தூரில் ஒரு ஹோட்டலில், தரத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். திரையில் காட்டுகிற கண்ணாடித் தாள்களை நான்தான் தயார் செய்தேன். ஏழாவது தாளில் ஒடிந்த போல்ட்டின் படம். முடுக்கும்போதே உள்ளே நின்றுவிடுகிற பாரத்தைப் பற்றியும், ஒரே கூடையில் கிடந்த போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று துணையாகாது என்பதைப் பற்றியும் சசிதர் அழகாகப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அற்புதத்துக்கு ஒன்றரை வருஷம் வேலை கிடைக்கவில்லை. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் எங்கள் ஆபீஸுக்கு ஒரு போன் வரும். 'பொருள் எடுத்துட்டுப் போன கேஸ்' என்று பதில் போகும். கடைசியில் கணபதியில் ஒரு சின்ன பவுண்டரியில், அச்சு வார்க்கிற மண்ணில் ஈரம் பார்க்கிற வேலை கிடைத்தது.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. திரும்பி வந்த போல்ட்டுகளை மரை நசுக்கி அழித்துவிட்டோம் என்று பெங்களூருக்கு ஒரு சான்று போனது. அதையும் நான்தான் டைப் செய்தேன். அதே நாள் மாலை நரசிம்மலு அந்த மூட்டைகளை ஒரு டெம்போவில் ஏற்றுவதையும் பார்த்தேன். உக்கடத்தில் ரசாக் என்பவரின் இரும்புக் கடைக்குப் போயின, சாதாரண போல்ட் என்ற பெயரில்.

தொண்ணூற்றேழு மார்ச்சில் பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப்பில் அற்புதத்தைப் பார்த்தேன். கண்டும் காணாத மாதிரி நகர நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, நல்லாருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

அந்த விசாரிப்பைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். லெட்டர், தேதி, அறிக்கை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமுங்கண்ணா. வேற ஆரு அங்க டைப் அடிக்கறாங்க?"

பிறகு கேட்டார்.

"அந்த போல்ட்டெல்லாம் நசுக்கிப்போட்டாங்களாமா? லியோ அப்படித்தான் சொன்னாரு."

பொய் சொல்லியிருக்கலாம். அதில் எனக்குப் பழக்கமும் இருந்தது. அன்று என்னவோ உண்மையைச் சொல்லிவிட்டேன். அவருடைய முகம் மாறியது அப்போதுதான். வேலை போனபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"எத்தன மூட்டைங்க?"

"ஆறு."

அவருடைய பஸ் வந்தது. ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய், உக்கடம் போகிற பஸ்ஸில் ஏறினார்.

ரசாக் கடையில் இரண்டு மூட்டை மிச்சமிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் வாங்கின எடை விலைக்கே கொடுத்துவிட்டார். மற்றவற்றை யார் யார் வாங்கினார்கள் என்று நினைவிருந்தவரை சொன்னார்: லாரி பாடி கட்டுகிறவர் ஒருவர், தூக்குமெஷின் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர், பொருட்காட்சியில் ராட்டினம் போடுகிறவர் ஒருவர். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் அற்புதம் அந்த இடங்களுக்குப் போக ஆரம்பித்தார். லாரி பாடிக்காரர் சிரித்தார். "ஏரோப்ளேனுக்குச் செஞ்ச போல்ட்டுங்களா? அப்ப நல்லதாத்தான இருக்கும்" என்றார். தூக்குமெஷின்காரர் கழற்றித் தந்தார். ராட்டினம் அதற்குள் ஊர் மாறிவிட்டது. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கிடைத்தவற்றைப் பவுண்டரி உலையில் போடலாமே என்று நான் சொன்னதற்கு, காட்மியம் புகை விஷம், உருக்கக்கூடாது என்றார். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மரையையும் சுத்தியலால் அடித்துச் சிதைத்தார். லியோ அந்த நேரத்தில் வெளியே போய்விடுவாராம்.

மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பத்து கிடைத்ததாகக் கணக்குச் சொன்னார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். ரசாக்குக்குப் போனதைத் தவிர வேறு யாருக்காவது அந்தச் சரக்கு விற்றிருக்கிறதா என்று கம்பெனி பில் புத்தகத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று.

"பாக்கறேம்மா" என்றேன்.

பில் புத்தகம் என் பின்னாலிருந்த பீரோவில் இருந்தது, சாவி என்னிடம்தான். என் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்கு இரண்டு மாதம் வாரம் ஒரு முறை போன் செய்தார். முதலில் சில தடவை, இன்னும் பார்க்கவில்லை என்றேன். அப்புறம், நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஜூனில் ஜெனிதாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்த பிறகு போன் வருவது நின்றுவிட்டது.